மருத்துவர் பதில்கள்: ரத்த அறிக்கை ‘சரி’ என்றால் மார்பகமும் சரியா?

கொஞ்சம் ரத்தம் கொடுத்தாலே மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவியிருப்பது, இம்முறை வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. கேட்டவர்களின் கவலை நியாயமானது என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி, வயது 53): எங்கள் அலுவலகம் ஆண்டுதோறும் ஏற்பாடு செய்யும் உடற்பரிசோதனையில், ‘புற்றுநோய்க் குறிப்பான்கள்’ என்ற தலைப்பின்கீழ் சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக எனக்கு 14, 15 என்றே வருகிறது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படத்தை 50 வயதில் ஒரே ஒரு முறை எடுத்தேன். அந்த வலியும் கூச்சமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ரத்தம் சரியாக இருக்கும்போது அதை மறுபடியும் எடுக்கத்தான் வேண்டுமா? புதுவகை ரத்தப் பரிசோதனைகள் வந்துவிட்டன என்கிறார்களே?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். உங்களைப் போலவே, மடித்து வைத்த ஆய்வக அறிக்கையைக் கைப்பையிலிருந்து எடுத்து, சிஏ 15-3 என்ற வரியில் விரலை வைத்து, “இது நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்?” என்று கேட்கும் பெண்களை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த எண்ணில் பிழை ஏதும் இல்லை. ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அது பதிலே இல்லை.

பால் சுரக்கும் திசுவின் செல்கள் உட்பட உடலின் பல செல்களின் மேற்பரப்பில் மக்1 என்றொரு புரதம் இருக்கிறது. அதிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் துணுக்கையே சிஏ 15-3 பரிசோதனை அளக்கிறது. புற்றுநோய் உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இந்த அளவு உயர்ந்திருக்கும். ஆனால் நோய் முதல் கட்டத்தில் இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் உயர்ந்திருக்கும். அதாவது, எந்தக் கட்டத்தில் நோயைப் பிடித்தால் உயிரையும் மார்பகத்தையும் காப்பாற்றுவது எளிதோ, அந்தக் கட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்தப் பரிசோதனை ‘சரி’ என்றே சொல்லும். பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் மருந்து வேலை செய்கிறதா என்பதை, ஸ்கேன் படங்களோடு சேர்த்துப் பார்ப்பதற்கே இது பயன்படுகிறது. அதனால்தான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், நோயை முன்கூட்டியே கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறுகிறது. சிகிச்சை முடிந்து அறிகுறி எதுவுமின்றி நலமாக இருப்பவர்களுக்குக்கூட வழக்கமான கண்காணிப்பாக இதை அது பரிந்துரைப்பதில்லை. அப்படியிருக்க, உடற்பரிசோதனைத் தொகுப்புகளில் இதைச் சேர்த்து விற்பது எனக்கு உடன்பாடானதல்ல. உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் இந்தப் பொய்யான நிம்மதி அதனால் வந்ததுதான்.

புதிய பரிசோதனைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. நம் உடலின் செல்கள் மடியும்போது அவற்றின் டிஎன்ஏ சிறு சிறு இழைகளாக உடைந்து ரத்தத்தில் சில மணி நேரம் மிதக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்த வெள்ளணுக்களிலிருந்து வருவது. புற்றுச் செல்களின் டிஎன்ஏ மிகமிகச் சிறிய பங்காக அதில் கலந்திருக்கும். அந்தச் சிறு பங்கை அதன் மரபு மாற்றங்களைக் கொண்டோ, டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளைக் கொண்டோ அடையாளம் காண முயல்வதே இந்தப் பரிசோதனைகளின் அடிப்படை. இது வியக்கத்தக்க அறிவியல், இதன் எதிர்காலத்தின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இன்றைய நிலை என்ன? கேன்சர்சீக் என்ற பரிசோதனையைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்ட 1,005 பேரின் ரத்தம் எட்டு வகைப் புற்றுநோய்களுக்காகச் சோதிக்கப்பட்டது. அந்த எட்டில் மிகக் குறைவாகப் பிடிபட்டது மார்பகப் புற்றுநோய், சுமார் 33 விழுக்காடு. கேலரி என்ற பரிசோதனையைப் பற்றி 2021-இல் வெளியான பெரிய ஆய்விலும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து மார்பகப் புற்றுநோயில் சுமார் 30 விழுக்காடே பிடிபட்டது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், முதல் கட்டத்தில் அது கண்டுபிடித்தது 16.8 விழுக்காடு மட்டுமே.

இந்த விழுக்காடுகளை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1990-களின் நடுப்பகுதியில், 50 முதல் 64 வயது வரையுள்ள 28,000-க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ப் பெண்களுக்கு முன்னோடித் திட்டமாக மேமோகிராம் எடுக்கப்பட்டபோது, ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. அந்த அனுபவத்தின் பின்னரே 2002-இல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. அந்த ஐந்து பேரும் மேமோகிராமுக்குப் பதிலாக, மூன்றில் ஒன்றை மட்டுமே பிடிக்கும் ரத்தப் பரிசோதனையை நம்பியிருந்தால், மூவராவது “எனக்கு ஒன்றுமில்லை” என்ற மன நிறைவோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மார்பகம் மட்டும் ஏன் இப்படி ரத்தத்திடம் பிடி கொடுக்க மறுக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மிகப் பரவலாகக் காணப்படும், ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகைப் புற்று, தொடக்கத்தில் மெதுவாக வளர்கிறது. அதனால் டிஎன்ஏவையும் மிகக் குறைவாகவே உதிர்க்கிறது. அதற்கும் முந்திய நிலையில் புற்றுச் செல்கள் பால்நாளத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கும்; நாளத்தின் சுவரைத் தாண்டாததால் ரத்தத்தில் அவற்றின் தடயம் கிடைப்பது அரிது. அதே நிலை மேமோகிராமில் எப்படித் தெரியும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கறுத்த திரையில், சாம்பல் நிறத் திசுவின் நடுவே, யாரோ ஒரு சிட்டிகைப் பொடியுப்பைத் தூவியது போல வெண்ணிறச் சுண்ணப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும். கைக்குக் கட்டி தட்டுப்படாது, வலியும் இருக்காது. அந்த உப்புத் தூவலை மட்டும் வைத்து நோயைப் பிடித்து, சிறிய அறுவை சிகிச்சையோடு அனுப்பிவைக்க முடிகிறது.

மேமோகிராமும் குறையற்றதன்று என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாகிவிடுவேன். எட்டுப் புற்றுகளில் ஒன்றை அது தவறவிடலாம். மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளவர்களிடம் இன்னும் கூடுதலாகத் தவறவிடலாம், நம் ஆசியப் பெண்களிடம் அந்த அடர்த்தி அதிகம். அத்தகையோருக்கு மருத்துவர் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பரிந்துரைப்பார். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியது இன்னொரு படம்தான். சிஏ 15-3 அல்ல.

வலியைப் பற்றி: தட்டுகள் மார்பகத்தை அழுத்துவது ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிகள்தாம், ஒரு மார்பகத்துக்கு இரண்டு படங்கள். மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், அது முடிந்த அடுத்த வாரத்தில் நேரம் வாங்குங்கள், திசு அப்போது அவ்வளவு நோகாது. வலித்தால் உடனே சொல்லலாம். தேசியத் திட்டத்தின்கீழ் படம் எடுப்பவர்கள் பெண்களே. உங்கள் வயதில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். 50-இல் எடுத்தவர் என்பதால் ஏற்கெனவே ஓராண்டு தாமதித்திருக்கிறீர்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கச் சலுகைக் கட்டணம் உண்டு, 50 வயது கடந்தவர்கள் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகி, வயது 47): மூன்று வாரங்களுக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு சிறு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை. தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். புற்றுநோய்க் குறிப்பான் சரியாக இருப்பதாக அறிக்கை வந்தது. மகளின் திருமண வேலைகள் இருப்பதால், இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இதைப் படித்து முடித்ததும் நேரம் வாங்கி, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலியில்லாமல் இருப்பதும் ரத்தம் சரியாக இருப்பதும் கட்டியைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. கட்டி தட்டுப்பட்டவருக்குத் தேவையானது மூன்று: கையால் சோதித்தல், மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் படம், சந்தேகம் இருந்தால் ஊசிவழித் திசு எடுத்து ஆராய்தல். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல என்பது உண்மை. உங்களுடையது எந்த வகை என்பதை இந்த மூன்றுதான் சொல்லும், மகளின் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிடும்.

கேள்வி (ஈசூன் வாசகர்): 66 வயதான என் தாயாருக்கு உடற்பரிசோதனையில் சிஏ 15-3 அளவு 41 என்று வந்திருக்கிறது. வீட்டில் யாரும் தூங்கவில்லை. உடல் முழுவதையும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார் என் மாமா. அம்மா சைவ உணவுக்காரர், சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: முதலில் எல்லோரும் தூங்குங்கள். ஆய்வகத்தைப் பொறுத்து 25 முதல் 35 வரை மேல் எல்லையாக வைக்கப்படும் ஓர் அளவு 41 ஆக இருப்பது, அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்வதற்குப் போதாது. கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், சினைப்பை நீர்க்கட்டி, புற்றல்லாத மார்பகக் கோளாறு ஆகியவற்றிலும் அது உயரும். வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகையில் உயர்ந்திருந்து, பி12 கொடுத்ததும் இறங்கியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பல ஆண்டுகளாகச் சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுத்துக்கொள்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு என்பதால், தாயாருக்கு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மருத்துவர் ஒருவர் தாயாரை நேரில் சோதிக்கட்டும், இரண்டு ஆண்டுக்குள் மேமோகிராம் எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்கட்டும், கல்லீரல் பரிசோதனையோடு சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் அதே அளவை மறுபடி பார்க்கட்டும். உடல் இளைத்தல், எலும்பு வலி போன்ற அறிகுறி எதுவுமின்றி, இந்த ஓர் எண்ணுக்காக எடுத்த எடுப்பில் பெட் ஸ்கேனுக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி (பொங்கோல் வாசகி, வயது 35): தஞ்சாவூரில் இருக்கும் என் அப்பாவின் அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது; சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். அவருடைய தங்கை, என் சின்ன அத்தை, சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அப்பா வழி என்பதால் எனக்குப் பயமில்லை என்கிறார் அம்மா. நான் எந்த ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

பதில்: அப்பா வழி என்பதால் பயமில்லை என்பது நம் குடும்பங்களில் வேரூன்றிய தவறான எண்ணம். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களில் உள்ள கோளாறு தந்தை வழியாகவும் வரும். அதைக் கொண்டிருக்கும் ஆணுக்குப் பெரும்பாலும் மார்பகப் புற்று வராது, ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுக்கும் வாய்ப்பு சரிபாதி. இளம் வயதில் மார்பகப் புற்றும், அதே குடும்பத்தில் சினைப்பைப் புற்றும் இருப்பது அந்த மரபணுக்களைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம்.

உங்களுக்குப் பொருந்தும் ரத்தப் பரிசோதனை, இந்த மரபணுக்களைச் சோதிப்பதுதான். இது நோய் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, நோய் வரும் வாய்ப்பைப் பிறப்பிலேயே பெற்றிருக்கிறீர்களா என்று பார்க்கிறது. கோளாறு இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு மார்பகப் புற்று வரக்கூடும். எனவே 40 வயது வரை காத்திராமல், முன்னதாகவே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ படம் எடுப்பது முதல், தடுப்பு அறுவை சிகிச்சை வரை பல வழிகள் அவர்களுக்குச் சொல்லப்படும்.

ஒரு முக்கியமான செய்தி: முடிந்தால் பெரிய அத்தைக்கு முதலில் பரிசோதனை செய்வது நல்லது. நோய் வந்தவரிடம் எந்த மரபணுவில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், உங்களிடம் அதே ஒன்றைத் தேடினால் போதும், ‘இல்லை’ என்று வரும் விடையையும் முழுமையாக நம்பலாம். அவரிடம் பார்க்காமல் உங்களை மட்டும் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதன் பொருள் அவ்வளவு தெளிவாக இராது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அத்தையின் பழைய மருத்துவ அறிக்கைகளைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். இங்கே தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மரபணு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று அங்கே செல்லலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன் அந்த ஆலோசனையைப் பெறுங்கள், ஏனெனில் வரும் முடிவு உங்கள் தம்பி தங்கைகளையும் பிள்ளைகளையும் சேர்த்துத் தொடும்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி, வயது 58): மேமோகிராமுக்குத் தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று தோழி சொன்னார். அதனாலேயே இதுவரை போகவில்லை. பவுடர் பூசக் கூடாது என்கிறார்களே, ஏன்?

பதில்: கதிர் படும் இடத்தில் உலோகம் இருக்கக் கூடாது என்பதே தேவை. கழற்ற மனமில்லை என்று படம் எடுக்கும் பெண்ணிடம் முதலிலேயே சொல்லுங்கள். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அது முன்னால் விழாதபடி பிடித்துக்கொண்டால் பொதுவாகப் போதும். பவுடரும் அக்குள் மணப்பொருளும் தோலில் ஒட்டியிருந்தால், நான் மேலே சொன்ன சுண்ணப் புள்ளிகளைப் போலவே படத்தில் தெரியக்கூடும். அதனால் வீணாக இன்னொரு முறை அழைக்கப்படுவீர்கள். அன்று காலை குளித்துவிட்டு, எதையும் பூசாமல், மேலாடையை மட்டும் கழற்றினால் போதும் என்றபடி இரண்டு துண்டாக உடை அணிந்து போங்கள். பழைய மேமோகிராம் படங்கள் வேறு இடத்தில் எடுத்தவை இருந்தால் அவற்றையும் கொண்டு செல்லுங்கள்.