ஜெர்மனி ப்ளாக்டு அக்கவுண்ட்: ஏஜென்ட் பணம் போட்டா சரிவருமா?

கேள்வி: பையனுக்கு மாக்டெபர்க்ல எம்.எஸ். அட்மிஷன் கிடைச்சிருக்கு, அக்டோபர்ல கிளாஸ். ப்ளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் ஒரு அளவுதான் எடுக்க முடியுற அக்கவுண்ட்ல, 11,904 யூரோ காட்டணுமாம். கைல எஃப்டி 7 லட்சம்தான் இருக்கு. ஏஜென்ட் 1 லட்சம் கமிஷன் கேக்குறார், மொத்தத்தையும் அவரே போட்டுடுவாராம், பையன் அங்க போனதும் மாசாமாசம் வர்றத அவருக்கு திருப்பி அனுப்பிடணுமாம். செய்யலாமா? - திருச்சி வாசகர்

பதில்: வேணாம் சார். அந்த 11,904 விசாவுக்கு கட்டுற ஃபீஸ் இல்ல, மாசம் 992 யூரோன்னு 12 மாசத்துக்கு உங்க பையன் சாப்பிட, வாடகை கட்ட வெச்சிருக்கிற பணம், அத ஏஜென்டுக்கு அனுப்பிட்டா பையன் எத வெச்சு சாப்பிடுவான்? பார்ட் டைம் வேலை இருக்கேம்பார், இருக்குதான், ஆனா வருஷத்துக்கு 140 முழு நாள்தான் அனுமதி, போன உடனே கிடைக்கும்னும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு அங்க தங்குற பர்மிட் ரினியூவல் வரும்போது அடுத்த வருஷ செலவுக்கு பணம் எங்கன்னு மறுபடி கேப்பாங்க, அப்ப இந்த ஏஜென்ட் ஃபோன எடுப்பாரா?

யூரோ 100 ரூபாய்னு வெச்சாலே 11.9 லட்சம். எஃப்டி 7 லட்சத்தோட எஜுகேஷன் லோன் 7.5 லட்சத்துக்கு அப்ளை பண்ணுங்க, அந்த லிமிட் வரைக்கும் கவர்மென்ட் கேரண்டி ஸ்கீம்ல சொத்து அடமானம் இல்லாமலே தரலாம். சில பிராஞ்ச்ல ப்ளாக்டு அக்கவுண்ட்னா என்னன்னே கேப்பாங்க, அதனால லிவிங் எக்ஸ்பென்சஸ்க்கு பணம் அங்க போகும்னு சேங்ஷன் லெட்டர்லயே எழுதி வாங்கிடுங்க. இதுல இன்னொரு லாபம், சொந்தப் பணம் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல வெளிநாடு போனாதான் டிசிஎஸ் (அனுப்பும்போதே பேங்க் வசூலிக்கிற வரி) புடிப்பாங்க, பேங்க் எஜுகேஷன் லோன் பணத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து டிசிஎஸ்ஸே கிடையாது. உங்க 7 லட்சம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு.

அனுப்பும்போது நிறைய பேர் கோட்டை விடுறது ஒரு இடத்துல. நடுவுல இருக்கிற பேங்க் சார்ஜ புடிச்சுட்டு 11,890தான் போய் சேர்ந்துச்சுன்னா முழுப் பணமும் வந்துடுச்சுங்கிற கன்ஃபர்மேஷன் வராது, அது இல்லாம விசா ஃபைல் நகராது. வெளிநாட்டுக்கு பணம் அனுப்புற ஸ்விஃப்ட் முறைல 'OUR'னு ஒரு ஆப்ஷன் உண்டு, எல்லா சார்ஜும் அனுப்புறவங்க தலைல, அத போடச் சொல்லுங்க, ப்ளாக்டு அக்கவுண்ட் கம்பெனியோட ஃபீஸையும் சேத்து கொஞ்சம் கூடவே அனுப்புங்க. யூரோ ரேட்டையும் பேரம் பேசுங்க சார், பேங்க்ல போய் எப்படின்னு கூச்சப்படாதீங்க, 50 பைசா குறைச்சாலும் ஆறாயிரம் மிச்சம்.

லோன்ல மீதி இருக்கிறதுல 2 லட்சம் வாக்குல தனியா ஃபாரெக்ஸ் கார்டுல (வெளிநாட்டுல செலவு பண்ற ப்ரீபெய்டு கார்டு) போட்டு குடுங்க. அங்க அட்ரஸ் பதிவு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் முடிஞ்சாதான் முதல் 992 கைக்கு வரும், அதுக்குள்ளயே வீட்டு அட்வான்ஸ் மூணு மாச வாடகை வரைக்கும் கேப்பாங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேற மாசம் 140 யூரோவுக்கு மேல போயிடும்.

பையன் கிளம்பினதும் இங்க இருக்கிற அவனோட சேவிங்ஸ் அக்கவுண்ட என்ஆர்ஓவா (வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான அக்கவுண்ட்) மாத்தணும், படிக்கத்தான போறான்னு விட்டுடாதீங்க. லோன் வட்டிக்கு வருமான வரில கிடைக்கிற கழிவு பழைய டாக்ஸ் ரெஜிம்லதான் உண்டு. எஃப்டிய இப்பவே உடைக்காதீங்க, லோன் சேங்ஷன் ஆகட்டும்.