டீசலை அடைத்தும் நிற்காத ஆயில் இன்ஜின்

கேள்வி: ஐயா, வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் மூன்று ஏக்கர் சம்பா. மழையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க 5 எச்.பி. ஆயில் இன்ஜினை வாய்க்கால் கரையில் வைத்து ஓட்டினோம். அன்று காலையில்தான் ஆயில் குறைகிறதென்று ஊற்றியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக ரேஸ் ஆகி அலற ஆரம்பித்துவிட்டது. டீசல் டேப்பை மூடினேன், டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டையும் கழற்றினேன், நிற்கவில்லை. ஒரே நீலப் புகை. பயந்து விலகிவிட்டோம், அதுவாக ஓடி ஜாம் ஆகி நின்றது. கடைக்காரர் டீசல் பம்பு, நாசில் இரண்டையும் மாற்றச் சொல்லி, புகைக்கு ஒரு டப்பா மருந்தும் கொடுத்தார். மாற்றலாமா?

பதில்: தம்பி, பம்புக்குக் காசு கொடுக்காதீர்கள். பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் சிக்கியோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கெட்டோ ரேஸ் ஆகியிருந்தால், பைப்பைக் கழற்றியதுமே அடங்கியிருக்கும். உங்கள் இன்ஜின் டீசலே இல்லாமல் ஓடியிருக்கிறது. அது குடித்தது நீங்கள் காலையில் ஊற்றின ஆயிலை. கவர்னருக்குப் பம்புதான் கட்டுப்படும்; காற்றோடு உள்ளே வரும் ஆயிலுக்கு அது என்ன செய்யும்? அந்த ஆயில் தீரும்வரை, இல்லை ஏதாவது உடையும்வரை ஓடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; அதைக் கேட்டபிறகும் நாசில் மாற்றச் சொல்கிறவர் வியாபாரம் பண்ணுகிறார், வைத்தியம் பண்ணவில்லை. அந்த டப்பா மருந்தும் தடித்த ஆயிலும் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், பிஸ்டனில் தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். இன்ஜினை எப்படி வைத்திருந்தீர்கள்? கரைச் சரிவில்தானே? டெல்டாவில் பாதிப் பேர் செய்வது இதுதான். தண்ணீருக்குக் கிட்டே இருக்க வேண்டுமென்று சரிவில் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைப்பார்கள். இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்போது குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைச்சலாகக் காட்டும், ஒரு லிட்டர் ஊற்றுவோம். அப்புறம் அதிர்வில் சேற்றுக்குள் மறுபக்கம் இறங்கும், உள்ளே இருக்கிற அத்தனை ஆயிலும் கான்ராடின் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பெரிய முனை சுழலும் இடத்துக்கு வந்து அடிக்கும், ரிங்கைத் தாண்டி மேலே ஏறும், இன்ஜின் மூச்சு விடும் குழாயான பிரீதர் வழியாகவும் கிளம்பும், சில மாடல்களில் அந்தக் குழாய் நேராகக் காற்று இழுக்கிற வாய்க்கே போகிறது. ரிங்கும், பிஸ்டன் ஓடும் குழலான லைனரும் தேய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு பனஞ்சட்டம் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இன்ஜினைச் சமமாக நிறுத்தின பிறகுதான் குச்சியைத் தொட வேண்டும். மேல்கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. “கூட இருந்தால் நல்லதுதானே” என்கிற பேச்சை நான் எங்கே கேட்டாலும் சண்டை போடுவேன்.

ஏர் கிளீனர் கிண்ணமும் அப்படித்தான். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் காற்றோடு அதையும் உறிஞ்சும். பெட்ரோலில் கழுவிய வலையை ஈரத்தோடு மாட்டினாலும் ரேஸ் ஆகும். அதற்குப் பயந்து கிளீனரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், களத்துத் தூசி முழுக்க உள்ளே போய் லைனரைத் தின்றுவிடும், கடைசியில் இதே கதை.

இனி ரேஸ் ஆனால் டீசலோடு மல்லுக்கட்டாதீர்கள், காற்றை அடையுங்கள். ஏர் கிளீனர் வாயை முழுசாக மூடுகிற அளவில் கனமான பலகை ஒன்று இன்ஜின் பக்கத்திலேயே கிடக்கட்டும். கையால் பொத்தக்கூடாது, துணி, மெல்லிய சாக்கு எல்லாம் உள்ளே போய்விடும். வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கினாலும் அடங்கலாம், ஆனால் அந்த வேகத்தில் வால்வைத் தள்ளும் புஷ்ராட் வளையலாம், முகத்தையும் இன்ஜினுக்கு மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும். ஃப்ளைவீலுக்கு நேர் எதிரே மட்டும் யாரும் நிற்கக்கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் வீலைப் பிய்க்கிற விசை நான்கு மடங்கு. வார்ப்பிரும்பு சிதறினால் அது சுழலும் தளத்தில்தான் பெரும்பாலும் பறக்கும், பெல்ட் அறுந்தாலும் அதே கோட்டில்தான். பலகையோடு பக்கவாட்டில் போக முடியாவிட்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். விட்டு விலகியது தப்பே இல்லை, இன்ஜின் போனால் போகட்டும்.

உங்கள் இன்ஜினைப் பொறுத்தவரை, கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். முழுசாகப் பிரித்து பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் பார்க்கச் சொல்லுங்கள். கான்ராட் போல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் புதுசுதான் போட வேண்டும். ஃப்ளைவீலைத் துடைத்து, ஆரக்கால்களிலும், தண்டில் பூட்டும் சாவி உட்காரும் காடியின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடுங்கள்.