பூனை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்களிடம் 14 மாத ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது. பெயர் சேது. இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வந்தோம், இப்போது 30 கிலோ. சென்னையில் மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கணவருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. நான் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் இருக்கிறேன். சென்ற மாதம் சேது இழுத்த இழுப்பில் மாமியார் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. 'இவ்வளவு பெரிய நாய் இங்கே கூடாது' என்று குடியிருப்புச் சங்கமும் கடிதம் கொடுத்துவிட்டது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கும் ஒரு குடும்பம் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. நல்ல மனிதர்கள். இரண்டு பிள்ளைகள், கோழிகள், சில ஆடுகள். சேது ஒருமுறை பூனையைக் கடித்துக் கொன்றிருக்கிறான். அதை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். பெற்ற பிள்ளையை அனுப்புவது போலிருக்கிறது. நான் செய்வது துரோகமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

துரோகத்தைக் கடைசி வரியில் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு, பூனையை அதற்கு முன்னால் ஒரே வாக்கியத்தில் புதைத்திருக்கிறீர்கள். நான் பூனையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வளர்ந்த அல்சேஷன் ஒன்று வந்தது. கொடுத்தவர், "குழந்தை மாதிரி சார்" என்றார். சோறு வைத்த தட்டருகே யார் போனாலும் கடிக்கும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். மூன்றாம் நாள், அது சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளப் போன என் அம்மாவுக்குப் புறங்கையில் நான்கு தையல். தனி மூலையில் தட்டை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். அவ்வளவு சின்ன விஷயம். அதைத் தெரிந்துகொள்ள அம்மாவின் கை தேவைப்பட்டது. நாயை நாங்கள் வைத்துக்கொண்டோம். ஆனால் அம்மா கடைசிவரை அதைத் தொடவில்லை.

ராஜபாளையம் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாயினங்களில் இதுவும் ஒன்று. பெருமைதான். ஆனால் தபால்தலைக்குக் கோழி வளர்ப்பவரின் கவலை தெரியாது. படபடவென்று சிறகடித்து ஓடும் கோழி சேதுவின் கண்ணுக்கு அந்தப் பூனையேதான். அவன் கெட்ட நாய் என்று சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் இரண்டு செத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, நாள் முழுக்கச் சங்கிலி. அல்லது யாராவது சோற்றில் எதையாவது கலந்து வைப்பார்கள். உங்கள் நண்பர்கள் அதுவரை யோசிக்கவில்லை.

ஆகவே சொல்லிவிடுங்கள். பூனை, மாமியார் விழுந்தது, மிச்சமிருக்கும் குறைகள் எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவர்கள் மறுத்தால் நீங்கள் இழப்பது அவனுக்கு ஒத்துவராத ஒரு வீட்டை. சம்மதித்தால் கோழிகளுக்கு அடைப்பு போடுவார்கள், ஆடு மேயும்போது அவனைக் கட்டிவைப்பார்கள், முதல் சில மாதங்கள் கயிற்றோடுதான் தோப்பைச் சுற்றுவார்கள்.

இன்னொன்று. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றீர்கள். பெரும்பாலும் அது வயதுக் கோளாறுதான். பெரிய நாய்களுக்கு உடம்பு முந்திக்கொள்ளும், புத்தி ஒன்றரை இரண்டு வயதில்தான் வந்து சேரும். ஆனால் வெள்ளை நாய்களான ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு, சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. அவன் பார்க்காத பக்கத்திலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள், கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அதுவும் சொல்ல வேண்டிய பட்டியலில் சேரும். கருத்தடையையும் அதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. இரவில் எங்கே படுப்பான்? பகலில் எத்தனை மணி நேரம் கட்டியிருப்பார்கள்? 'தோப்புக்குக் காவல்' என்று மட்டும் பதில் வந்தால் நான் தயங்குவேன். பெருத்த உடம்பைப் பார்த்து இவனைக் காவல்காரன் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் மாடியில் உங்கள் கட்டிலருகே வளர்ந்தவன், தோப்பின் ஓரத்தில் தனியாகக் கட்டிப்போட்டால் விடிய விடியக் குரைப்பான்.

சங்கத்தின் கடிதத்துக்கு அஞ்சி முடிவெடுக்காதீர்கள். உருவத்தையோ இனத்தையோ காட்டிக் குடியிருப்பில் நாயைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. ஆனால் முறிந்த மணிக்கட்டுக்கும் கைக்குழந்தைக்கும் சுற்றறிக்கையில் பதில் இல்லை. அந்த இரண்டுக்காக அனுப்புகிறீர்கள் என்றால் நான் தடுக்கப் போவதில்லை. பராமரிக்க முடியாத நாயை ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். துரோகம் என்ற சொல்லை அவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் நாளுக்கு முன் அந்தக் குடும்பம் இரண்டு முறையாவது வந்து அவனோடு நடக்கட்டும். அவன் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், அதில்தான் உங்கள் வீடு இருக்கிறது. முதல் வாரம் இங்கே தின்ற உணவையே தரச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையில் அவர்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், ஏனென்றால் கயிறு அவிழ்ந்தால் இந்த இனம் ஓடும் ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது. தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கே திருப்பி அனுப்புங்கள் என்று. அந்த ஒரு வரி உங்களைச் சில மாதங்கள் தூங்கவிடும்.

போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். முதல் மாதம் வேண்டாம். இன்னொரு வாசலை நம்பத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் போய் நின்றுவிட்டுத் திரும்பினால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பூனை விஷயத்தைக் கேட்டதும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கோழிகளுக்கு அடைப்பு போட்டார்களா என்றும்.