பெரிய மலையே இல்லாத லாங்கேயில் சைக்கிள் சுற்றுலா ஏன் 'கடினம்'?

வழிகாட்டி உடன் வர, பெட்டிகளை வேன் சுமக்க, ஊர் ஊராகச் சைக்கிளில் போவதுதான் இந்தச் சுற்றுலா. இத்தாலியின் லாங்கே பகுதியில் லா மோரா என்ற ஊரே சுமார் 500 மீட்டர் உயரம்தான். அப்புறம் ஏன் இதைக் கடினம் என்கிறார்கள்?

இந்தப் பகுதியின் பரோலோ என்ற சிவப்பு ஒயினுக்கான நெபியோலோ திராட்சை தாமதமாகப் பழுப்பது. நல்ல வெயில் வேண்டும் என்பதால் தெற்கு பார்த்த சரிவுகளில் வளர்க்கிறார்கள். பழைய ஊர்களோ பெரும்பாலும் குன்றின் மேல். அடுத்த ஊருக்குப் போக, பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மாடிக்கு ஒருமுறை ஏறுவது சிரமமில்லை. குடத்தோடு நாள் முழுக்க ஏறி இறங்கினால் முழங்கால் சொல்லிவிடும். ஆனாலும் அந்தத் திராட்சைத் தோட்டங்களை ரசிக்க இந்த மெதுவான வேகமே சரி.

வழிகாட்டி இருந்தால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வழிதான் காட்டுவார், மிதிப்பது நாம்தான்.