+6 வந்தும் தோற்பது ஏன்?

ஆறு சீட்டுக்கட்டுகள் வைத்து ஆடும் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரை வெல்ல முயலும் சீட்டாட்டம்) மேசையில், வெளிவந்த சீட்டுகளைக் கணக்கில் வைக்கும் ஹை-லோ முறையில் எண்ணி, முதல் கட்டு முடிவதற்குள் +6 வந்ததும் பந்தயத்தைப் பத்து மடங்காக்கியும் தொடர்ந்து தோற்பதாக எழுதியிருந்தீர்கள். 2 முதல் 6 வரை +1, பத்து மதிப்புச் சீட்டுகளுக்கும் ஏஸுக்கும் −1 என்று நீங்கள் எண்ணியது சரியே, விடுபட்டது வகுத்தல்தான். அந்த ஆறை மீதமிருக்கும் சுமார் ஐந்து கட்டுகளால் வகுத்தால் 1.2 மட்டுமே வரும். ஒவ்வொரு கைக்கும் சிறந்த முடிவைச் சொல்லும் அடிப்படை உத்தியைப் பிழையின்றிப் பின்பற்றுபவருக்கு எதிராகக் காசினோவுக்கு உள்ள சாதகம் பொதுவாக 0.5% அளவில் இருக்க, வகுத்து வரும் எண்ணின் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ அதே 0.5% அளவுக்குத்தான் ஆட்டத்தை உங்கள் பக்கம் திருப்புகிறது என்பதால், நீங்கள் பெரும்பணம் வைத்தது கிட்டத்தட்ட சமநிலையில்தான்.

இதே +6 இரண்டு கட்டுகள் மீதமிருக்கையில் வந்தால் மதிப்பு 3. அப்போது உங்கள் சாதகம் சுமார் 1%. பெரிய சீட்டுகள் மிகுந்திருக்கையில் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டுகளே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக வருவது) அடிக்கடி விழும், அதற்கு 3-க்கு 2 (2 ரூபாய் பந்தயத்துக்கு 3 ரூபாய்) கிடைப்பது உங்களுக்கு மட்டுமே. 16 வரை சீட்டு எடுத்தே தீர வேண்டிய டீலரோ 21-ஐ அடிக்கடி தாண்டுவார்.

மேசையில் பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5 என்று எழுதியிருந்தால் அமரவே வேண்டாம். அந்த ஒரு விதி காசினோவுக்குக் கூடுதலாக 1.4% தருவதால், 3 என்ற மதிப்பிலும் நீங்கள் பின்தங்கியே இருப்பீர்கள்.

1% சாதகத்தோடு ஆடினாலும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகும் நட்டத்தில் இருப்பது இயல்பு. கணிதவியலாளர் எட்வர்டு தோர்ப், சாதகத்துக்கு ஏற்பக் கையிருப்பில் எவ்வளவு வைக்கலாம் என்று சொல்லும் கெல்லி விதியைக் கொண்டு பந்தய அளவைக் கட்டுப்படுத்தியது இதனால்தான். அதன்படி, இந்த நிலையில் ஓர் ஆட்டத்துக்கு மொத்தக் கையிருப்பில் 1%-க்கும் குறைவாகவே வையுங்கள்.