சைக்கிள்ல 60 கிலோமீட்டர் தாண்டினா சுண்டு விரல் மரத்துப்போகுதா?

கையுறையை மாத்தாதீங்க, முதல்ல சீட்டைப் பாருங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டுக்கும் போற அல்னார் நரம்பு உள்ளங்கை ஓரத்துல நசுங்குது. சீட் மூக்கு கீழே சாய்ஞ்சிருந்தா உடம்பு முன்னாடி வழுக்கும், பாரம் முழுக்க கையில இறங்கும். பெரும்பாலும் இதான் காரணம்.

புளோக்குக்குக் கீழே இருக்கிற திறந்த தளத்துல (வாய்ட் டெக்) சைக்கிளை நிறுத்தி, சீட் மேல ஒரு தடிமனான புத்தகம், அதுமேல போன் வச்சு லெவல் பாருங்க. சாய்வு இருந்தா சமமாக்குங்க. அப்புறம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்ல இருந்து சாங்கி வரைக்கும் ஓட்டுங்க. ஆளில்லாத நேர்ப்பாதையில ஹேண்டில்பாரை விரல் நுனியால மட்டும் லேசா பிடிச்சுப் பாருங்க. முன்னாடி சரிஞ்சா பாரம் இன்னும் கையிலதான். ஹேண்டில்பார் உயரமும் பார்க்கணும்.

டயர்ல காத்தை கல்லு மாதிரி அடிக்கிற பழக்கம் இருந்தா கொஞ்சம் குறைங்க, அதிர்வு நேரா கைக்கு வரும். (நானும் அடிச்சவன்தான்!) பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பிடியை மாத்துங்க.

200 கிலோமீட்டர் ப்ரெவேக்கு (நேர வரம்புக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 13.5 மணி நேரம் இருக்கு, நின்னு கையை உதறலாம். ஆனா அதுக்கு முந்தின கடைசி வாரத்துல சீட், ஹேண்டில்பார் எதையும் திருகாதீங்க. மறுநாளும் மரத்திருந்தாலோ, சாவி திருகவே பிடி தளர்ந்தாலோ டாக்டர்கிட்ட போங்க.