வாசகர் கேள்வி பதில்: அரிஸ்டாட்டிலுக்கே பிரஜாவுரிமை இல்லையா?

கேள்வி: ஏ.எல்லுக்கு கிரேக்க ரோம நாகரிகம் படிக்கிறேன் ஐயா. அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் பிரஜையே இல்லன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அவ்வளவு பெரிய ஆளுக்கே இல்லன்னா வேற யாருக்குத்தான் குடுத்தாங்க?
வாசகி, தலவாக்கலை

பதில்: டீச்சர் சொன்னது சரிதான் மகள். அவர் பொறந்தது வடக்கே ஸ்டாகிரால, சின்ன வயசுல ஏதென்ஸ் வந்து பிளேட்டோகிட்ட இருபது வருஷம் மாதிரி இருந்தாரு, பிறகு கிமு 335 வாக்குல லைசியம்ங்கிற இடத்துல தானே பள்ளிக்கூடம் நடத்துனாரு, ஆனா கடைசி வரைக்கும் அவர் அங்க மெட்டிக், அதாவது வந்து குடியிருக்கிற வெளியாள். மெட்டிக்னா விசேஷ அனுமதி இல்லாம காணி வாங்க ஏலாது, சபையில வாக்கு இல்ல, ஆம்பளைக்கு வருஷம் 12 திரக்மா (அந்தக் காலத்துக் காசு) தலைவரி, தனியா இருக்கிற பொம்பளைக்கு 6. யுத்தம் வந்தா மட்டும் மறக்காம கூப்பிடுவாங்க.

கிமு 451ல ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டப்படி அப்பா அம்மா ரெண்டு பேருமே ஏதென்ஸ்காரங்களா இருக்கணும், அதுக்கு முந்தி அப்பா மட்டும் போதும். (அம்மா வழி வேணும், ஆனா அந்த அம்மாவுக்கு வாக்கு கிடையாது, இதுக்கு என்ன சொல்ல!) பையனுக்கு 18 ஆனதும் அவன் அப்பாவோட 'டீம்'ல (deme, நம்ம கிராம சேவகர் பிரிவு மாதிரி, மொத்தம் 139 இருந்துச்சு) உள்ளவங்க சத்தியம் பண்ணி வாக்குப் போட்டுத்தான் பேரை இடாப்புல ஏத்துவாங்க. இவன் அடிமை வழின்னு தள்ளி, அவன் கோர்ட்டுக்குப் போய் அங்கயும் தோத்தா அடிமையா வித்துருவாங்க. பாஸ் ஆகிற கதை இல்ல, உசுரு போற கதை.

சட்டம் போட்டவருக்கே அது திரும்புச்சு. பிளேக்ல பெரிக்கிளிஸோட ரெண்டு புள்ளைங்களும் செத்த பிறகு மிலேட்டஸ்ங்கிற வெளியூர்க்காரி அஸ்பாசியாவுக்குப் பொறந்த மகனுக்கு சபைகிட்ட கேட்டுத்தான் பிரஜாவுரிமை வாங்குனாரு. பெரிய வீட்டுக்கு ஒரு கதவு திறக்கும்.

நம்ம தாத்தாமாருக்கு இலங்கையோட 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஞாபகம் வரும், அப்பா இங்க பொறந்தாரா, இல்லாட்டி தாத்தாவும் பூட்டனும் இங்க பொறந்தாங்களான்னு காயிதம் கேட்டது, தோட்டத்து லயத்துல பொறந்தவங்கள்ல எத்தன பேருக்கு அந்தக் காலத்துப் பதிவு இருந்துச்சு? இந்திய வம்சாவளி ஆக்களுக்குப் பிரஜாவுரிமை குடுத்த 2003 சட்டம் வர்ற வரைக்கும் இழுபட்டுச்சு.

பேப்பர்ல இன்னொரு கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவைப் பத்திக் கேட்டா இதையே எழுதிராத. அங்க பிரஜைகள் ஒண்ணாச் சாப்பிடுற பொதுச் சாப்பாட்டுக்கு பங்கு குடுக்க முடியலன்னா பிரஜை அந்தஸ்தே போயிரும்.